பட்டியலில் நான் விட்ட பெயர்

சுந்தர்,

ஒரே ஊரில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பூனாவின் அந்தக் கோடி பானேரிலிருந்து இந்தக் கோடி வானவடிக்கு வர உனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரம் உனக்கு மாதத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கிறது. வரும்போது ஆப்பிளும் மாதுளையும் வாங்கிவந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளைப் பார்க்க வந்தது போல மேசையில் வைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்புகிறாய். அதற்குள் இதையெல்லாம் என்னால் சொல்ல முடியாது. போனில் சொல்லலாம் என்றால், "சரிம்மா, சரிம்மா" என்றே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதோ என்று பயந்துவிடாதே. ஏன் தமிழில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அனுஜாவோடு நடக்கப்போகும் உன் கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று நாம் இருவரும் உட்கார்ந்து பெயர் எழுதினோம். நான் நோட்டில் எழுத, நீ லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டே வந்தாய். ஊர்ச் சொந்தம், அப்பாவின் ஆபீஸ் ஆட்கள், உன் சிநேகிதர்கள் என்று வரிசையாக வந்து, "மீரான் மாமா, ஜுலைகா மாமி, சாதிக்" என்று நான் சொன்னபோது உன் விரல் நின்றுவிட்டது. "அவங்க வேணாம்மா. அனுஜாவோட பப்பா ஆட்கள் எல்லாம் வருவாங்க. பேகார் டென்ஷன்" என்றாய். வீண் டென்ஷன் என்று உன் பாதித் தமிழில் சொன்னாய். நான் பேனாவை மூடி வைத்தேன். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ அடுத்த பெயருக்குப் போய்விட்டாய். உன்னைக் குறை சொல்ல முடியாது. நான் பேசாமல் இருந்தால் அது சம்மதம்தான் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே உனக்குக் காட்டிக்கொடுத்தவள் நான்தானே.

நீ போன பிறகு அந்த நோட்டை மூடாமல் அப்படியே வைத்திருந்தேன். மூன்று நாள் மேசையில் கிடந்தது. சாப்பிடுவதற்கு அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன், மறுபடி இழுத்து வைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் என்னோடு சண்டை போட இப்போது வேறு யாரும் இல்லை. அதனால் அந்த நோட்டோடுதான் சண்டை.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நாம் இந்த பில்டிங்குக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. பாளையங்கோட்டையில் இருந்தவரை நான் யார் என்று யோசித்ததே இல்லை. இன்னார் மகள், இன்ன தெரு என்றால் போதும். இங்கே வந்த பிறகு ஒரே நாளில் மத்ராசி ஆகிவிட்டேன். லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். நான் இறங்கியதும் மறுபடி தொடங்கும். உன் அப்பா காலையில் மிலிட்டரி ஆபீசுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதுவரை என் வாயிலிருந்து தமிழில் ஒரு வார்த்தை வெளியே போக வழி கிடையாது. அப்படி இருக்கும்போது ஒரு நாள், வந்து பத்து நாள் கூட ஆகியிருக்காது, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இறங்கும் சந்து இருக்கிறதல்லவா, அதன் வழியாக மேலே இருந்து ஒரு குரல் கேட்டது. "ஏல சாதிக்கு, சோத்த வச்சிக்கிட்டு என்னல பராக்கு பாக்க?" சுந்தர், நான் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டேன். எங்கள் ஊர் அதட்டல் அது. அழுதுவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, திருநெல்வேலியா?" என்று கத்தினேன். மேலேயிருந்து பதில் வந்தது. "மேலப்பாளயம்! நீ எந்தூரு புள்ள?"

மேலப்பாளையமும் பாளையங்கோட்டையும் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடும் தூரம். ஊரில் இருந்தவரை எனக்கும் அந்த ஊருக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது. அங்கே யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. பூனாவுக்கு வந்துதான் ஏறினேன். நாம் 204, அவர்கள் 304. இடையில் பதினாறு படி. அதற்குப் பிறகு பதினொரு வருடம் அந்தப் படிகளில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று கணக்கே கிடையாது. நோன்பு மாதத்தில் ஒரு நாள் விடாமல் ஜுலைகா அக்கா தூக்கில் கஞ்சி அனுப்புவாள். அதைக் குடிப்பதற்காக நீ சாயங்காலம் விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவருவாய். மீரான் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் இருவரையும் உட்கார வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தார். சாதிக் கற்றுக்கொண்டான். நீ மூன்றாவது மாதம், "போர் அடிக்குதும்மா" என்றாய். நானும் "போகட்டும், மராத்தி படிச்சாப் போதும்" என்று விட்டுவிட்டேன். நான் செய்த தவறுகளில் அது சின்னது என்று அப்போது நினைத்தேன்.

உன் காதுகுத்து உனக்கு நினைவிருக்கும். ஏழு வயதில் குத்தினோம், அதற்குள் நீ முரடாகிவிட்டாய். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஊரிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் யாராவது வருவார்களா என்று உன் அப்பா கடிதம் போட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. அப்பா ஒரு பேச்சுக்குக்கூட என்னிடம் கேட்காமல் மேலே ஏறிப் போய், "அண்ணாச்சி, உங்க மடி வேணும்" என்று கேட்டிருக்கிறார். மீரான் அண்ணாச்சி புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து நம் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் நீ அவர் இடது கையைக் கடித்தாயே ஒரு கடி, ரத்தம் வந்துவிட்டது. அவர் கையை இழுக்கவே இல்லை. "கடிடே மருமவனே, மாமன் கை எதுக்கு இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவர் உனக்கு வாய்வார்த்தைக்கு மாமா இல்லை, முறைப்படி மாமா. அந்த மனிதரைத்தான் ஞாயிற்றுக்கிழமை டென்ஷன் என்றாய்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நம் பில்டிங் சொசைட்டியில் கணபதி வைக்கும் பத்து நாளும் சாயங்கால ஆரத்தி எந்த வீட்டு முறை என்று ஒரு சார்ட் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவார்கள். ஊரில் பள்ளிக்கூடம் படிக்கும்போது நான் ஹிந்திப் பரீட்சைகள் எழுதியவள். மராத்திக்கும் அதே எழுத்துதான். ஒவ்வோர் எழுத்தையும் கோடு பிசகாமல் எழுதிப் பழக்கிவிட்டிருந்தார்கள். ஒரு வருடம் யாரோ என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "அச்சு மாதிரி இருக்கிறதே" என்றார்கள். அந்த வருடத்திலிருந்து சார்ட் எழுதும் வேலை என்னுடையது ஆனது. மராத்தி ஆரத்திப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்து முன்வரிசையில் நின்று பாடினேன். மத்ராசி என்று கூப்பிட்டவர்கள் அண்ணி முறை வைத்து பாபி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். லிஃப்டில் பேச்சு நிற்கவில்லை. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். வெள்ளை அட்டையும் சிவப்பு, பச்சை ஸ்கெட்ச் பேனாவும் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

304-க்கும் அந்தச் சார்ட்டில் ஒரு முறை உண்டு. ஆறாம் நாள். மீரான் அண்ணாச்சி ஆரத்தித் தட்டைத் தொட மாட்டார், பாட மாட்டார். ஆனால் அன்றைய பேடா இனிப்பு அவர் வீட்டு உபயம். பத்து நாளும் பந்தலில் சீரியல் லைட் அவர் சொன்னபடிதான் எரியும். எலக்ட்ரிக் வேலை அவர் தொழில் அல்லவா. அதற்கு மேல் யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் அதில் ஒரு நாள் குறை வைத்ததில்லை. அப்படி ஓர் ஏற்பாடு, யாரும் உட்கார்ந்து பேசாமலே, தானாக அமைந்து ஓடிக்கொண்டிருந்தது.

நீ ஜூனியர் காலேஜில் பன்னிரண்டாவது படித்த வருடம். எங்கோ ஓர் ஊரில் ஏதோ மதத் தகராறு என்று எல்லார் போனிலும் கண்டதும் சுற்றிக்கொண்டிருந்தது. சொசைட்டி செக்ரெட்டரி அட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாபி, இஸ் சால் தீன்சௌ சார் ரெஹ்னே தோ." இந்த வருடம் 304 இருக்கட்டும், விட்டுவிடு. அவ்வளவுதான். மிரட்டவில்லை. காரணம் சொல்லவில்லை. 'ஏன்?' என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனுஷர் தடுமாறியிருப்பார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மத்ராசி ஆகிவிடுவேனோ என்று பயம். "டீக் ஹை", சரி என்றேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதினேன். ஆறாம் நாளுக்கு யாரைப் போடுவது என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் எல்லாருக்கும் கண்ணில் படும். அதனால் அந்தக் கட்டத்தில் 204 என்று எழுதினேன். நம் வீட்டு எண். அவர்கள் முறையை நானே எடுத்துக்கொண்டேன், சுந்தர். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

மறுநாள் காலேஜ் முடிந்து நீயும் சாதிக்கும் லிஃப்டுக்காக நின்றீர்கள். நான் கீழே காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். சாதிக் சார்ட்டை மேலிருந்து கீழே வாசித்தான். மறுபடி மேலிருந்து வாசித்தான். பிறகு மெதுவாக, "அத்தை கையெழுத்து" என்றான். லிஃப்ட் வந்தும் ஏறாமல் படியில் போய்விட்டான். நீ வீட்டுக்கு வந்து, "அம்மா, சாதிக் வீட்டு நம்பர் இல்லை" என்றாய். நான், "மறந்துட்டேன்" என்றேன். நீ உன் பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் நீட்டினாய். "இப்ப எழுதிடு." அந்தப் பேனாவை நான் வாங்கவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், போ, போய்ப் படி" என்றேன். நீ பேனாவை மூடிப் பையில் வைத்தாய். பதினேழு வயதில் உனக்குச் செய்யத் தெரிந்த சரியான காரியத்தை உன் கையிலிருந்து நான்தான் மூடி வைக்கச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேனாவை மூடியபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

உன் அப்பா ஆபீஸ் விட்டு வந்து சார்ட்டைப் பார்த்தார். மேலே வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். முப்பது வருட தாம்பத்தியத்தில் அவர் என்னை அப்படி வைதது இல்லை. ஆனால் அவரும் மேலே போய் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் நல்லவர்கள்தான் நம் வீட்டில். ஆறாம் நாள் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நம் முறை முன்பே முடிந்திருந்தும், இரண்டாவது முறையாகத் தட்டை ஏந்தினேன். மீரான் அண்ணாச்சி வழக்கம்போல ஸ்விட்ச் போர்டு அருகில் நின்றார். அந்த வருடமும் பத்து நாளும் லைட் எரிந்தது. கடைசி நாள் கணபதியைக் கரைத்துவிட்டு வந்ததும் ஒயரையெல்லாம் சுருட்டி, சொசைட்டி அறையில் வைத்துப் பூட்டி, சாவியை செக்ரெட்டரியிடம் கொடுத்தார். அடுத்த மே மாதம் 304-ஐக் காலி செய்துகொண்டு கோண்ட்வாவுக்குப் போய்விட்டார்கள். வானவடியிலிருந்து கோண்ட்வா, ஆட்டோவில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

இடையில் அவர் ஒரு முறை வந்தார். உன் அப்பா போன அன்றைக்கு. யார் சொல்லித் தெரிந்ததோ, கீழே பார்க்கிங்கில் ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். கீழே ஏற்பாடு செய்துகொண்டிருந்த நீயும் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். மேலே வாங்க மாமா என்று நீ கூப்பிடவில்லை. மேலேயிருந்து நானும் ஆள் அனுப்பவில்லை. வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டுப் போனார். நான்கு வருடமாக நாம் இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. இன்றைக்குப் பேசிவிட்டேன்.

போன வருட கணபதிக்கு என்ன நடந்தது தெரியுமா? இப்போது சார்ட் எழுதுவது கிடையாது. கம்ப்யூட்டரில் அடித்து குரூப்பில் அனுப்பிவிடுகிறார்கள். என் கையெழுத்துக்கு வேலை போய்விட்டது. சரி, காலம் மாறுகிறது என்று அதைத் திறந்து என் வீட்டு முறையைத் தேடினேன். 203 இருந்தது, 205 இருந்தது. 204 இல்லை. செக்ரெட்டரி இப்போது ஒரு சின்னப் பெண், நல்ல பெண். அவளிடம் கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, "அய்யோ ஆன்ட்டி, பூல் கயே" என்றாள். மறந்துவிட்டார்களாம். பொய் இல்லை, உண்மையாகவே மறந்திருக்கிறார்கள். தனியாக இருக்கும் கிழவி, யாருக்கு நினைவு வரும்? அன்றைக்கே சேர்த்து அனுப்பினாள். ஆனால் நான் அந்தப் பத்து நாளும் கீழே போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் வழியாக ஆரத்திச் சத்தம் வந்தது. நான் ஹாலில் உட்கார்ந்து வாய்க்குள் பாடிக்கொண்டேன். உண்மையாக மறந்ததே இப்படி வலிக்கிறதென்றால், மறக்காமலே நான் விட்டுவிட்டது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். என் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்றுதான் அவர்கள் பெயரை எடுத்தேன். கடைசியில் எனக்கு இரண்டும் இல்லை. சமையல்கட்டு ஜன்னலில் இப்போது தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. 304-இல் இருப்பவர்கள் நல்லவர்கள், பார்த்தால் சிரிப்பார்கள். அவர்கள் பிள்ளையைத் திட்டினால் எனக்குப் பாதி புரியாது.

அதனால் புதன்கிழமை போனேன். முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துவிட்டு, இரண்டாவது தாய்மாமனுக்கு என்பதுதானே வழக்கம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் பழத்தோடு வைத்து, ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஜுலைகா அக்காதான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வா தங்கச்சி. பன்னெண்டு வருசமா வழி தெரியாமப் போச்சாக்கும்?" என்றாள். உட்காரச் சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஆறாம் நாள் கட்டத்தில் 204 என்று எழுதியதையும் சேர்த்து. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள். "எழுதச் சொன்னாங்கன்னா நீ என்ன செய்வ? அதுல எனக்குக் கோவம் இல்ல. ஒரு எட்டு மேல ஏறி வந்து, 'அக்கா, இப்படிச் சொல்லுதாங்க, நான் என்ன செய்ய'ன்னு கேட்டிருக்கலாம்லா? பதினாறு படி. எழுதிக்கோன்னு நாங்களே சொல்லிருப்போம். எம் பிள்ள லிப்ட்டுகிட்ட நின்னு வாசிச்சுத் தெரிஞ்சுக்கிடுத மாதிரி வச்சிட்டியே." டீயை வைத்துவிட்டு அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அது சரிதான்.

மீரான் அண்ணாச்சிக்கு உடம்பு இளைத்துவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது. இடது கையை நீட்டி, கட்டைவிரலுக்குக் கீழே காட்டினார். "மருமவன் எப்படி இருக்கான்? பல்லெல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது. நான் எழுந்து தாம்பாளத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "பத்திரிகையக் கொண்டு போம்மா. தாய்மாமனக் கூப்பிட மருமவன்லா வரணும்" என்றார். "அவன் வந்தாலும் நாங்க வருவமான்னு தெரியாது. ஆனா அவன் வரணும்" என்றாள் அக்கா. அப்போது சாதிக் வேலை முடிந்து வந்தான். ஒரு லேபில் வேலையாம், ரத்தப் பரிசோதனை. "வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். நான் கிளம்பும்போது கீழே வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். டிரைவரிடம் நம் பில்டிங்குக்கு வழி சொன்னான், ஒரு திருப்பம் விடாமல். கடைசியில்தான், ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சுந்தர் நல்லாருக்கானா?" என்று கேட்டான். நல்லா இருக்கான் என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று. அனுஜா நேற்று போன் செய்தாள். உன் பழைய போட்டோக்கள் கேட்டிருந்தாளே, அனுப்பியிருந்தேன். அதில் எல்லாவற்றிலும் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும் பையன் யார் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு வருவான்தானே, அவனை எனக்குக் காட்ட வேண்டும் என்றாள். டென்ஷன் என்று நீ யாரைப் பற்றிச் சொன்னாய், சுந்தர்? அவள் அப்பாவிடம் நீ கேட்டாயா? அவர் வேண்டாம் என்று சொன்னாரா? சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். சிஞ்ச்வட்டில் ஃபாக்டரியில் உழைத்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்த மனுஷர், அவருக்கும் எத்தனையோ சிநேகிதர்கள் இருந்திருப்பார்கள். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே, அவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள் என்று நாமே முடிவு செய்து, நாமே பெயரை எடுத்துவிடுகிறோம். நான் செய்ததும் இதில் பாதிதான். என்னிடமாவது ஒருவர் வாசலில் நின்று சொன்னார். உன்னிடம் யாரும் சொன்னதாகவே தெரியவில்லை. ஒருவேளை சொல்லியிருந்தால், அப்போதும் 'ஏன்?' என்று ஒரு முறை கேள். சண்டை போடச் சொல்லவில்லை. கேள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு சொல்தான், அதற்குப் பிறகு நான் பேசிய எதுவும் எனக்கே ருசிக்கவில்லை.

சரி, ஏன் தமிழில் எழுதினேன்? உனக்குத் தெரிந்த ஹிந்தி எழுத்திலேயே எழுதியிருக்கலாம், அச்சு மாதிரி. ஆனால் நீ அதைத் தனியாக, ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் வாசித்துவிட்டு "சரிம்மா" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுவாய். இதைத் தனியாக வாசிக்க உன்னால் முடியாது. போனைக் காட்டினால் போன் வாசித்துவிடும் என்பது எனக்கும் தெரியும். நீ அப்படிச் செய்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் பூனாவில் உனக்குத் தெரிந்தவர்களில், உன் வயதில், தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். கவருக்குள் இந்தக் கடிதமும் மஞ்சள் தடவிய பத்திரிகையும் இருக்கின்றன. கவர் மேல் அவன் முகவரியையும், இவனிடம் வாசிக்கச் சொல் என்பதையும் மட்டும் நீ வாசிக்கும்படி எழுதியிருக்கிறேன், சார்ட் எழுதிய அதே கையெழுத்தில். எடுத்துக்கொண்டு போ. வாசித்துக் காட்டு என்று அவனிடம் கேள்.

சாதிக், இந்த இடம் வரைக்கும் நீ வாசித்திருந்தால், இனி உனக்கு. அன்றைக்கு உன் வீட்டு எண்ணை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். அந்தக் கட்டத்தில் என் வீட்டு எண்ணை எழுதினேன். நீ அது அத்தை கையெழுத்து என்று சொன்னதை நான் கேட்டேன், கேட்காதது போல கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். என்னை மன்னி என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இவனை உட்கார வைத்து இதை முழுவதும் வாசித்துவிடு. நடுவில் எழுந்திருக்கப் பார்ப்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சட்டையைப் பிடித்து உட்கார வை, முன்பு செய்வாயே, அது மாதிரி.

முடித்ததும் உங்கள் இருவரில் யாராவது ஒருவர் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா